ரீமிக்ஸில் காணாமல் போகும் பெயர்

2021 மார்ச்சில் வெளிவந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, கையகல நிலமும் இல்லாமல் ஊர் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் கதையை அரக்கோணத்து அறிவு பாட்டாக்கினார். அடியில் ஓடியது நம் ஒப்பாரி. பாட்டு உலகைச் சுற்றியது. பிரெஞ்சுக் கலைஞர் டிஜே ஸ்நேக் ரீமிக்ஸ் செய்தார்.

அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா.ரஞ்சித் கேள்வி எழுப்பிய பிறகே அவருக்கும் ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு மேடையேறியது. உருவாக்கியவர் யார் என்ற வாதம் வெடித்தது. மூவரின் கூட்டுழைப்பு என்றார் சந்தோஷ் நாராயணன். 2024இல் அவரே, பாட்டின் வருமானம் தங்கள் யாருக்கும் வரவில்லை என்று அறிவித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1977இல் உச்ச நீதிமன்றம் திரைப்பாட்டின் உரிமையைத் தயாரிப்பாளர் பக்கம் சாய்த்தது. 35 ஆண்டுகள் கழித்து, 2012 திருத்தம்தான் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றாக்கியது. பாடியவர் தன் பெயரைச் சொல்லக் கோரும் உரிமையையும் (பிரிவு 38பி) அதுவே தந்தது. ரீமிக்ஸ் செய்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் மூலப் பாட்டின் உரிமையை மீறி உருவான ஒலிப்பதிவுக்குச் சொந்தக் காப்புரிமை கிடையாது (பிரிவு 13).

ஆக, சட்டம் பெயரிலிருந்து தொடங்குகிறது. சாதி பெயரை அழிப்பதிலிருந்து தொடங்குகிறது. சேரிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய ஒப்பாரிக்கு 'ஆசிரியர்' இல்லை. எனவே அது யாரும் எடுக்கலாம் என்ற பொதுச்சொத்து! அதைக் கணினியில் வெட்டி ஒட்டியவருக்கோ காப்புரிமை. பறையைத் தீட்டென்று ஒதுக்கிய ஊர், அதன் அடியைப் பதிவு செய்து விற்கும்போது மட்டும் கலை என்கிறது.

வடமதுரையிலும் திண்டுக்கல்லைச் சுற்றிய ஊர்களிலும் அடிக்கும், பாடும் தோழர்களே! செல்போனை நீட்டி யாராவது பதிவு செய்ய வந்தால், முதலில் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். அடித்தவர், பாடியவர், பாட்டுக் கட்டியவர் என எல்லாப் பெயரும் எழுத்தில் இருக்கட்டும். ராயல்டிப் பங்கும் இருக்கட்டும். தலித் இசையைக் கொண்டாடுகிறோம் என்பவர்கள், முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடட்டும்.