ஒரு நன்கொடை ரசீதுக்கு உரை

கோலா தெர்லா, திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருக்கிற மலையூர். இம்மாதிரி ஊர்களில் கோயில் நிர்வாகத்தார் கிழித்துக் கொடுக்கும் ரசீதில் வழக்கமாக உள்ள வாசகங்களுக்கு இங்கே பொருள் சொல்கிறேன். பொதுப்பணத்தைக் கையாள்வதில் உள்ள சங்கடங்கள் பெரும்பாலும் அந்தத் துண்டுத் தாளிலேயே தெரிந்துவிடும்.

‘பதிவு எண்’ என்றது, 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிந்த அமைப்பு என்பதற்கு. பதிந்தால் மட்டும் போதாது. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போய்ச் சேர வேண்டும். படித்த பிள்ளைகள் சிம்பாங் பூலாய் சாலை வழியே ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்ட ஊரில், அந்தப் பாரங்களை நிரப்ப ஆள் தேடுவதே பெரும்பாடு. யாரும் ஒரு காசு எடுக்காமலேயே பதிவு ரத்தாகும் நிலை வரலாம்.

‘எழுத்தால் ரிங்கிட்’. எண்ணைத் திருத்துவது சுலபம், எழுத்தைத் திருத்தினால் தெரிந்துவிடும். தொகை சிறியதுதானே என்று இதை நிரப்பாமல் விடக் கூடாது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். அது பங்குப் பணம், நன்கொடை இல்லைதான். ஆனால் அந்தச் சிறு பணம் சேர்ந்துதான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது.

‘வகை: திருவிழா / அன்னதானம் / திருப்பணி / இதர’. உரை நின்று பேச வேண்டிய இடம் இது. கொடுப்பவர் எதில் கோடு போடுகிறாரோ அதற்குத்தான் பணம் செலவாக வேண்டும். திருவிழா உபயத்துக்குப் போட்டியே இருக்கும். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தானாக வந்து இறங்கும். மின்கட்டணம், குருக்கள் சம்பளம், மழையில் ஒழுகும் கூரை எல்லாம் ‘இதர’வில் கிடக்கும்; அங்கே கோடு போடுபவர் அபூர்வம். பில் வந்துவிட்டது, கையில் திருப்பணிப் பணம் இருக்கிறது, அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம் என்று நல்லெண்ணத்தோடுதான் எடுக்கிறார்கள். பல சங்கங்களில் சண்டை தொடங்குவது இங்கேதான். எடுத்தவரை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. கல்வெட்டில் பெயர் வரும் செலவுக்கே கொடுப்பேன் என்கிற நம் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. நிர்வாகம் செய்ய வேண்டியது ஒன்று: வகை மாற்றுவதானால் குழுவில் தீர்மானம் போட்டு, கொடுத்தவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

‘வரி விலக்கு’ என்ற வரி பல ரசீதுகளில் இராது. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான், தனிநபர் தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ள முடியும். பதிவு எண்ணும் இந்த ஒப்புதலும் வேறு வேறு. இரண்டும் ஒன்றென்று நினைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு கோபிப்பவர்கள் உண்டு.

‘பொருளாளர்’. கையெழுத்து ஒருவருடையது, சுமையும் அவர் ஒருவர் தலையிலேயே விழுந்துவிடுகிறது. வேலை முடிந்து களைத்து வந்து இரவில் கணக்கெழுதும் மனிதரை, பொதுக்கூட்டத்தில் எடுத்த எடுப்பில் திருடன்போல் விசாரித்தால் அடுத்த ஆண்டு அந்தப் பதவிக்கு யார் வருவார்? காசோலைக்கு இரண்டு கையெழுத்து, வாங்கிய பணம் செலவாவதற்கு முன் வங்கியில், அடிக்கட்டை ஒவ்வொன்றையும் வங்கிப் பதிவோடு ஒப்பிடும் உட்கணக்காய்வாளர்: இவை பொருளாளரைச் சந்தேகிக்க வைத்த ஏற்பாடுகள் என்று பலர் நினைக்கிறார்கள். பழி வரும் நாளில் அவருக்குச் சாட்சி சொல்ல இவற்றைத் தவிர வேறெதுவும் இராது.