கல்வெட்டும் தறி அட்டையும்



ஆராய்ச்சி செய்வதற்கு அறிவு வேண்டும். அதனோடு அரிசியும் வேண்டும். பசித்த வயிற்றோடு நெடுநாள் நூலாராய்தல் எவர்க்கும் இயலாது. கணினியும் செய்தித் தொடர்பும் மக்கள் வாழ்வை எவ்வாறு மாற்றுகின்றன என்று ஆராய விரும்பும் இளைஞர் பலர், அதற்குரிய பொருளுதவி எங்கே கிடைக்கும் என்று என்னை வினவுவதுண்டு. தகவல் தொழில்நுட்பமும் சமுதாயமும் என்னும் இத்துறை புதியது. ஆனால், கல்விக்குப் பொருள் தருவோர் யார், எதற்காகத் தருகின்றனர், அதன் பயன் யாரைச் சென்று சேர்கின்றது என்னும் வினாக்கள் மிகப் பழையன. அவற்றை ஆராயக் காஞ்சிபுரத்தினும் தக்க ஊர் எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்னும் இளைஞன், தன் ஆசிரியர் வீரசர்மருடன் காஞ்சிக் கடிகைக்குக் கற்க வந்தான் என்று கருநாடகத்துத் தாளகுண்டாக் கல்வெட்டுக் கூறுகின்றது. இங்கே பல்லவரின் குதிரை வீரன் ஒருவனோடு மூண்ட பூசலால் அவன் கல்வியைத் துறந்து வாளேந்தினான். பின்னர்க் கதம்ப அரசை நிறுவினான். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மனை அரசனாகத் தேர்ந்தபோது, நகரத்தாரோடு கடிகையாரும் உடனிருந்தனர் என்பதை வைகுந்தப் பெருமாள் கோயிற் கல்வெட்டால் அறிகின்றோம். அரசுரிமையைப் பற்றிய ஆலோசனையிலும் இடம்பெறும் அளவிற்குக் கல்விக்கழகம் ஒன்று இவ்வூரில் ஓங்கி நின்றது.

கல்விச் செலவின் கணக்கை நுணுக்கமாகக் காண வேண்டுமாயின் நாம் சோழர் காலத்திற்கு வருதல் வேண்டும். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆங்கிருந்த கல்லூரியின் 340 மாணவர்க்கும் ஆசிரியர்க்குமாக 45 வேலி நிலம் விடப்பட்டது. தொடக்க நிலையில் வேதம் முதலியன ஓதிய 270 மாணவர் நாளொன்றுக்கு 6 நாழி நெல் பெற்றனர். இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் ஆகியவற்றை மேனிலையிற் கற்ற 70 பேர் ஒரு குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி பெற்றனர். உயர்கல்வி கற்பார்க்கு மிகுதியான உதவித்தொகை என்னும் இக்கால முறை, அன்றே நெல்லளவில் நிலவியது என்பது வியப்பன்றோ?

இனிக் காஞ்சிக்கு அணித்தேயுள்ள திருமுக்கூடலுக்கு வருவோம். பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகள் கூடும் அவ்வூர்ப் பெருமாள் கோயிலில், பதினொன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீரராசேந்திரன் காலத்தில் பொறிக்கப்பட்ட நீண்ட சாசனம் உள்ளது. வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் பள்ளியையும், மாணவர் உண்டு உறையும் விடுதியையும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் அது ஒருங்கே குறிப்பிடுகின்றது. மருத்துவர், அறுவை மருத்துவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகிய அனைவர்க்கும் ஊதியம் வரையறுக்கப்பட்டுள்ளது. யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்பதை ஊரார் காணும் சுவரிலே எழுதிவைத்த அப்பண்பு போற்றற்குரியது.

ஆயினும், வரலாற்றைப் பயில்வோர் புகழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. இக்கொடைகளில் யார் இடம்பெறவில்லை என்றும் வினவுதல் வேண்டும். இவ்விரு சாசனங்களிலும் நெசவுக் கலைக்கு நெல் அளக்கப்படவில்லை. தறியிறை என்னும் வரியைச் சோழர் கல்வெட்டுக்களிற் காண்கின்றோம். தறி வரி செலுத்தியது. ஆனால், தறியின் அறிவு கல்லூரியில் ஏறவில்லை. அது தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்குத் தறிக்குழியிலேயே சென்றது.

அவ்வறிவு எத்தகையது என்பதைப் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் ஒருவரின் இல்லத்தில் நான் கண்டேன். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலையை அவர் மூன்று நாடாக்கள் கொண்டு நெய்துகொண்டிருந்தார். ஒரு புறத்து நாடாவை எறிய ஒருவர் துணையிருந்தார். தறியின் மேலே, துளையிட்ட அட்டைகள் மாலைபோற் கோக்கப்பட்டு ஒவ்வொன்றாகத் திரும்பின. துளையுள்ள இடத்தில் ஊசி நுழைய, அதற்குரிய பாவு நூல் மேலெழுகின்றது. துளையில்லாத இடத்தில் நூல் எழுவதில்லை. உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் அன்னமும் யாளியும் பட்டில் உருப்பெறுகின்றன.

இவ்வமைப்பைப் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் உருவாக்கினார். அந்நாட்டு அரசு அவருக்கு ஓய்வூதியம் அளித்துப் பொறியைப் பொதுவுடைமையாக்கியது. ஆனால், தம் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய நெசவாளர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். இங்கிலாந்தின் சார்லசு பாபேசு, 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு அதே அட்டை முறையை மேற்கொண்டார். அவருடைய முந்தைய பொறி ஒன்றிற்கு ஏறத்தாழ 17,000 பவுன் செலவிட்ட பிரிட்டிஷ் அரசு, 1842-இல் கையை விரித்துவிட்டது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் துளையட்டைகளைக் கொண்டு ஹோலரித் விரைந்து முடித்தார். எனவே, பட்டுத்தறியின் அட்டையைக் கணினியின் மூதாதை எனலாம்.

இன்று காஞ்சியின் சித்திர வடிவங்கள் கணினியில் வரையப்படுகின்றன. 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. சில துணிவகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கும் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. எனினும், கணினியிற் பதிந்த ஒரு வடிவம் நொடிப்பொழுதில் தொலைவிலுள்ள விசைத்தறிக்கும் சென்றுவிடக்கூடும். அவ்வடிவம் யாருக்கு உரியது? அட்டைக்குத் துளையிட்டு வாழ்ந்தவர் இனி என் செய்வார்? நாடா எறியும் துணைவருக்குக் கூலி உயருமா, குறையுமா? இவையே நம் துறையின் மெய்யான வினாக்கள்.

இவற்றை ஆராய்வார்க்கு வழிகள் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு. சமுதாய ஆய்வுகளுக்கென 1969-இல் அமைந்த இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் உண்டு. மின்னணுவியலிலும் தகவல் தொழில்நுட்பத்திலும் முனைவர் பட்டத்திற்கான விசுவேசுவரய்யா திட்டம் 2014-இல் தொடங்கியது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்திற்கான சட்டம் 2023-இல் நிறைவேறியது. காஞ்சிபுரத்தின் பெயர் தாங்கிய இந்தியத் தகவல் தொழில்நுட்ப, வடிவமைப்பு, உற்பத்திக் கழகமும் 2007-இல் எழுந்தது.

பொருளுதவி வேண்டி விண்ணப்பம் எழுதும் இளைஞர்க்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. திருமுக்கூடற் சாசனத்தின் தெளிவை மேற்கொள்ளுங்கள். யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்பதைக் கூறுங்கள். அச்சாசனத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நெசவாளரின் அறிவை ஆராய்வோர், அவரையும் ஆய்வின் பங்காளியாக்கி, அவருடைய நேரத்திற்கும் உரிய ஊதியத்தைக் கணக்கில் எழுதுதல் வேண்டும். ஆய்வின் முடிவை அவர் படித்தறியும் தமிழில் அளித்தலும் வேண்டும். ஊரார் காணும் சுவரிலே கணக்கை எழுதிய நாட்டில் பிறந்த நமக்கு அது கடமையாகும்.