பழைய தளமும் புதிய பூச்சும்



எங்கள் பாடசாலை முற்றத்தில் மாணவர் காலை வழிபாட்டுக்கு நிற்கும் இடம் கொங்கிறீட் தளம். பல்லாண்டுக் காலமாகப் பிள்ளைகளின் காலடியும் மாரி மழையும் பட்டு அதன் மேற்பரப்பு தேய்ந்து, உள்ளிருந்த சல்லிக்கற்கள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. விழாவொன்று நெருங்கிய வேளையில், அதன்மேல் ஒரு விரற்கடை கனத்துக்குச் சீமெந்துச் சாந்து பூசிவிட்டால் தளம் புதிதாகிவிடும் என்று எண்ணிப் பூசுவித்தேன். விழாவன்று முற்றம் பளிங்கு போல் விளங்கியது, வந்தோரெல்லாம் மெச்சினர். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்ததும் அந்தப் பூச்சு அப்பளம் போலக் கிளம்பிற்று. காலால் தட்டினால் பொள்ளென்று ஒலித்தது. தை பிறந்தபோது பிள்ளைகள் அதன் துண்டுகளை எடுத்துச் சில்லு எறிந்து விளையாடிக் கொண்டிருந்தார்கள்.

அந்தத் தை மாதத்தில்தான் மேல்வகுப்பு மாணவரைச் சிகிரியாவுக்கு அழைத்துச் சென்றேன். சிகிரியா எங்கள் மாத்தளை மாவட்டத்தின் வட பாகத்தில் இருப்பது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குன்றின் மேற்குப் பக்கத்து நடைபாதையில், கண்ணாடிச் சுவர் எனப்படும் அந்தப் பழஞ்சுவரின் அருகே நின்றோம். மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், இவ்வளவு கறையும் கீறலும் பட்ட சுவருக்கு ஏன் இன்னும் ஒருவரும் புதுப் பூச்சுப் பூசவில்லை?” எங்கள் முற்றத்தை மனத்தில் வைத்தே அவன் கேட்டான் என்பது அவனுடைய முகத்தில் தெரிந்தது. அன்று நான் அவனுக்குச் சொன்னது மிகச் சுருக்கம். இன்று சற்று விரிவாகச் சொல்ல முயல்கிறேன்.

கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னன் சிகிரியாக் குன்றைத் தன் அரசிருக்கையாக்கினான். குன்றின் இடையில் ஏறிச் செல்லும் நடைபாதைக்குக் காப்பாக அமைந்ததே அந்தச் சுவர். உள்ளே செங்கல், வெளியே சுண்ணாம்புச் சுதை. சுதையை ஈரம் உலராத பருவத்தில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். முட்டை வெண்கருவும் தேனும் சேர்த்தார்கள் என்பது வழிவழியாக வந்த செய்தி. எதைச் சேர்த்தார்களோ, எதிரே நிற்பவரின் நிழல் தெரியும் அளவுக்கு அது மின்னியதனாலேயே கண்ணாடிச் சுவர் என்ற பெயர் வந்தது என்பர். மேலே பாறை குடைபோலக் கவிந்து மழையை மறைத்த இடங்களில் சுவர் இன்றும் நிற்கிறது. அந்த மறைப்பு இல்லாத இடங்களில் அது விழுந்துபோய், பாறையில் அதனைப் பொருத்துவதற்காக வெட்டிய தவாளிப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. திறந்த வெளியில் நிற்கும் எந்தப் பூச்சுக்கும் முதற்பகை நீர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சுண்ணாம்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மாத்தளையைச் சூழ்ந்த பகுதிகளில் சுண்ணக்கற் படிவுகள் உண்டு. அந்தக் கல்லைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு வெளியேறி நீறாகிறது. நீற்றில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பூக்கிறது. அதனை மணலோடு குழைத்துப் பூசினால், காற்றிலிருந்து முன்பு இழந்த வாயுவையே மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மீண்டும் கல்லாகிறது. கல்லிலிருந்து கல்லுக்கு ஒரு பயணம். ஆனால் அந்தப் பயணம் மிக மெதுவானது. கனத்த சுவரில் ஆண்டுக்கணக்காகும். இந்தப் பொறுமையிலேதான் சுண்ணாம்பின் வலிமையும் இருக்கிறது. அது சிறிது இளகிக் கொடுக்கும். உள்ளே புகுந்த ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும்.

இனிச் சீமெந்தின் கதை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில் எடிஸ்டோன் என்னும் பாறைமீது கலங்கரை விளக்கம் கட்டும் பொறுப்பு 1756 இல் ஜோன் ஸ்மீற்றன் என்னும் பொறியியலாளரிடம் வந்தது. அலை ஓயாமல் மோதும் இடத்தில் சாதாரணச் சுண்ணாம்பு இறுகாது. களிமண் கலந்த சுண்ணக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் நீறு நீருக்குள்ளேயும் இறுகும் என்பதை அவர் சோதித்து அறிந்தார். 1759 இல் விளக்கம் எழுந்தது. 1824 இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனாரான ஜோசப் அஸ்ப்டின், சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்த பொடிக்கு உரிமை பெற்று, போட்லன்ட் கல்லின் நிறத்தை நினைந்து போட்லன்ட் சீமெந்து எனப் பெயரிட்டார். நமது நாட்டில் சீமெந்து நெடுங்காலம் கப்பலேறி வந்த பொருள். காங்கேசன்துறையில் 1950 இல் நம்முடைய சொந்தத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதையும், 1990 இல் போரினால் அது நின்றுபோனதையும் நேயர்கள் பலர் அறிவர்.

சீமெந்து வேகமானது, வலியது. ஆனால் குளிர் நாடுகளில் அதற்கு ஒரு பெரும் சோதனை காத்திருந்தது. கொங்கிறீட் பார்வைக்குக் கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளில் நீர் தங்கியிருக்க, இரவில் அது பனிக்கட்டியாக உறைந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருக்கிறது. பருத்த பனிக்கட்டி கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. பகலில் உருகி, இரவில் உறைந்து, ஒரு குளிர்காலத்தில் இப்படிப் பல தடவை நிகழ்ந்தால் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். வீதியில் பனிக்கட்டியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். அது இந்தக் கேட்டை மேலும் விரைவாக்குகிறது. மாத்தளைத் தோட்டங்களில் இரவில் குளிர் உறைப்பாக இருந்தாலும் நீர் உறைவதில்லை. நுவரெலியாவில் தை, மாசியில் சில காலைப்பொழுதுகளில் புல்மீது உறைபனி தெரிவதுண்டு, அவ்வளவே. ஆகவே நம்மவர்க்கு இந்தத் துன்பம் கேள்விப்பட்ட செய்தியாகவே இருக்கிறது.

இதற்கு மருந்து கிடைத்த விதம் சுவையானது. 1930களில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து வீதிகளில் சில பகுதிகள் மட்டும் உறைபனிக்கு ஈடுகொடுத்து நிற்பதைக் கண்டார்கள். காரணத்தைத் தேடியபோது, அந்தச் சீமெந்தை அரைக்கையில் அரைவையை எளிதாக்குவதற்காக மாட்டுக் கொழுப்புச் சேர்த்திருந்தது தெரியவந்தது. கொழுப்பினால் கலவையில் எண்ணற்ற நுண்ணிய காற்றுக் குமிழிகள் உண்டாகியிருந்தன. உறையும் நீர் பருத்து ஒதுங்குவதற்கு அந்தக் குமிழிகளே இடமளித்தன. இன்று குளிர் நாடுகளில் இத்தகைய காற்றுக் குமிழிகளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். நமது கொத்தர் முன்னாளில் சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் பனைவெல்லமும் ஊற்றியதை மூடநம்பிக்கை என்று சிலர் நகைப்பர். மாட்டுக் கொழுப்பின் கதையைக் கேட்டபின் நான் அப்படி நகைப்பதில்லை.

குளிர் நாட்டுக் கொத்தர் தேய்ந்த தளத்தைப் புதுப்பிக்கும் முறையும் அறியத்தக்கது. முதல் வேலை பூசுவதன்று, அகற்றுவது. நலிந்த மேற்பரப்பை உறுதியான பகுதி வெளிப்படும்வரை கொத்தியெடுக்கிறார்கள். தூசு, எண்ணெய், பாசி யாவற்றையும் கழுவுகிறார்கள். பழைய தளத்தை நீரூட்டி வைத்து, மேலே நீர் தேங்காத நிலையில், குழம்பான சீமெந்தைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்து, அது உலருமுன் புதிய சாந்தை இடுகிறார்கள். வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் காலமாயின் வேலையைத் தொடங்குவதில்லை. தொடங்கினால் வைக்கோலோ கம்பளியோ போர்த்திச் சில நாட்கள் காக்கிறார்கள். எங்கள் முற்றத்திலோ பாசியும் தூசும் அப்படியே கிடந்தன. தாகமெடுத்த பழைய தளம் புதுச் சாந்தின் நீரை உறிஞ்சிக் குடித்துவிட்டது. மீதமிருந்ததை வெயில் குடித்தது. பிடிப்பு எங்ஙனம் உண்டாகும்? அது மேசனாரின் குற்றமன்று. நாளும் விழாவும் பார்த்து அவசரப்படுத்திய என்னுடைய குற்றம்.

மீண்டும் சிகிரியாவுக்கு வருவோம். 1889 இல் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த அலிக் மறே என்பவர் ஓவியங்கள் இருக்கும் குகைக்கு ஏற முயன்றார். பேய்க்கு அஞ்சி ஊரவர் உதவ மறுக்க, தமிழ்க் கல்வேலையாட்களே பாறையில் துளையிட்டு, இரும்புக் கம்பிகளைச் சீமெந்தினால் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக வழியமைத்துக் கொடுத்தார்கள். 1894 இல் தொல்லியல் ஆணையாளர் எச். சி. பி. பெல் அகழ்வைத் தொடங்கினார். செங்கல்லாலும் சுதையாலும் ஆன சிங்கத்தின் பெரும் பாதங்கள் 1898 இல் வெளிப்பட்டன. அந்த நாட்களில், பழுதடைந்த சுவரைத் துப்புரவாக்கிப் புதுச் சுதை பூசிப் பழைய மெருகை மீட்போம் என்று ஆர்வம் மிக்க ஒருவர் முனைந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

அந்தச் சுவரில், கூரிய ஊசியால் கீறிய நுண்ணிய எழுத்துகள் இருக்கின்றன. பழங்காலப் பார்வையாளர் ஓவியப் பெண்களைக் கண்டு வியந்து பாடிய சிங்களக் கவிதைகள் அவை. பெரும்பாலும் 8 ஆம் நூற்றாண்டு முதல் 10 ஆம் நூற்றாண்டு வரையானவை. பாடியோரில் பிக்குகளும் அரச அலுவலரும் பெண்களும் உண்டு. பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்தறிந்து 1956 இல் இரு பாகங்களாக நூலாக்கினார். சிங்கள மொழியின் பழைய இலக்கணத்தையும் சொல்வளத்தையும் ஆராய்வோர்க்கு அதற்கு இணையான கருவூலம் அரிது. மயிரிழை ஆழமே உள்ள அந்தக் கீறல்களை ஒரு கைப்பிடிச் சாந்து நிரவிவிடும். பின்னர் அந்தச் சாந்தைப் பெயர்க்க முயன்றால் பழைய தோலும் அதனுடனே உரிந்துவரும். அதிலும் இறுகிய சீமெந்தை இளகிய சுண்ணாம்பின்மேல் பூசினால் வேறொரு தீங்கும் சேரும்: ஈரம் வெளியேற வழியின்றி அடைபடும், உப்புப் பூக்கும், நைந்து உதிர்வது புதியதன்று, பழையதே.

வேண்டாத பூச்சொன்றை அகற்றுவது எத்துணைக் கடினம் என்பதையும் அதே குன்று பின்னர் கண்டது. 1967 ஒக்டோபரில் விஷமிகள் இரவில் ஏறி ஓவியங்களின்மேல் வண்ணத்தைக் கொட்டி அப்பினார்கள். சிலவற்றைக் கொத்திச் சிதைத்தார்கள். ஒரு சில நாழிகைக் குரூரம். அதனை நீக்க இத்தாலியிலிருந்து லூசியானோ மறன்சி என்னும் வல்லுநர் வரவேண்டியிருந்தது. அடியில் உமி கலந்த களிமண்ணும், அதன்மேல் சுண்ணாம்புச் சுதையும், அதன்மேல் வண்ணமுமாக அமைந்த மெல்லிய தளத்தில், மேலே படிந்ததை மட்டும் கரைத்து அடியில் உள்ளதைக் காக்கவேண்டிய வேலை அது. முழுமையாக மீளாத இடங்களும் உண்டு.

இவற்றையெல்லாம் அந்த மாணவனுக்கு வீடு திரும்பும் வழியில் பேருந்தில் சொல்லி முடிப்பதற்குள் தம்புள்ளையும் நாலந்தையும் கடந்து மாத்தளைக்கு வந்துவிட்டோம். அடுத்த கிழமை மேசனாரை மீண்டும் அழைத்தோம். கிளம்பிய பூச்சையெல்லாம் அவர் உளி கொண்டு தட்டியெடுத்தார்; வழிந்தோடும் மழைநீருக்குச் சரிவான ஒரு வாய்க்காலும் வெட்டினார். உடைந்த மூன்று இடங்களை மட்டும் கொத்தி, கழுவி, நீரூட்டிச் செப்பனிட்டு, ஏழு நாள் ஈரச் சாக்கால் மூடிவைத்தோம். மீதி முற்றம் சல்லிக்கல் தெரியத் தேய்ந்தபடியே இருக்கிறது. மழைநாளில் பிள்ளைகள் அதில் வழுக்கி விழுவதில்லை.