மலேரியாவின் வம்சாவளி: எண்ணிக்கையும் எல்லையும்

இலங்கையின் மலேரியா வரலாற்றை எண்ணிக்கைகளின் வரலாறாகவே நமக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். 1934-35 கொள்ளைநோயில் செத்தவர்கள் சுமார் 80,000 பேர். மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாய்த் தேங்கியதும், நோய்க்கு அதிகம் பழகாத ஈரவலயக் கிராமங்கள் விழுந்தன. நிவாரணத்துக்குப் போன சூரியமல் இயக்கத்தவர் பார்த்தது காய்ச்சலை மட்டுமல்ல, பட்டினியையும்தான். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததில் அந்த அனுபவத்துக்கும் பங்குண்டு. பிறகு டி.டி.டி. வந்தது. 1963இல் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். ஒழிஞ்சாச்சு என்று மருந்தடிப்பைத் தளர்த்தினார்கள். 1969இல் 5 லட்சத்துக்கு மேல்.

17 என்ற எண் எதை மறைக்கிறது என்பதே என் கேள்வி. அதைக் கேட்க மரபணு ஆய்வுகள் ஒரு வழி தருகின்றன. தமிழ் படித்தவனான எனக்கு இது ஏட்டுப்பிரதிகளின் கதை போலவே படுகிறது. ஒட்டுண்ணியின் ஆண், பெண் அணுக்கள் கூடுவது மனித உடம்பில் அல்ல, கொசுவின் வயிற்றில். நோய் மலிந்த ஊரில் ஒருவர் ரத்தத்திலேயே பல வம்சங்கள் இருக்கும். கொசு அவற்றைச் சேர்த்துக் குடிக்கும். கலப்பில் புதுப் பாடங்கள் பிறக்கும். நோய் அருகிய ஊரில் கொசுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஏடு. அது தன்னோடு தானே கூடி அதே பாடத்தைப் படியெடுக்கும். ஃபால்சிபாரம் வகை இப்படித்தான் ஒற்றைப்படையாகிறது.

வைவாக்ஸ் அப்படியில்லை. காய்ச்சல் போனபின்னும் கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கும்; பிறகு விழித்து ரத்தத்துக்கு வரும். பழைய வம்சமும் புதியதும் ஒரே கொசுவில் சந்திக்கலாம். இலங்கையில் நோயாளிகள் குறைந்துவந்த 2000களிலும் வைவாக்ஸின் மரபணுப் பன்மை அதிகமாகவே இருந்தது. ஆக, எண்ணிக்கை சரிவதும் ஒட்டுண்ணி நலிவதும் ஒன்றல்ல. கணக்கெடுப்பு காய்ச்சலை எண்ணும், தூங்குவதை எண்ணாது.

போர் ஓயுமுன்பே எண்ணிக்கை விழத் தொடங்கிவிட்டது. கடைசி உள்நாட்டு நோயாளி 2012 அக்டோபரில். 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதன்பின் பதிவேட்டை நிரப்புவது ‘வெளியிலிருந்து வந்த’ தொற்று. எனக்கு அச்சம் இந்தச் சொல்லில்தான். வம்சாவளியைப் படிக்கும் கருவி, தொற்று வந்த தடத்தைக் காட்டி உயிரைக் காக்கும். அதே கருவி எல்லைக்காவலின் கைக்குப் போனால் கூலிக்கு வந்தவனும் அகதியும் ‘மூலம்’ ஆகிப்போவார்கள். ஒட்டுண்ணியின் வம்சம் மனிதன்மேல் குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

இது அறம் பற்றிய பேச்சு மட்டுமல்ல. திருப்பி அனுப்பிடுவாங்க என்று பயப்படுகிறவன் காய்ச்சலை மறைப்பான். கல்லீரலில் தூங்குவதை அழிக்கும் பிரைமாகுயினை 14 நாள் அவனுக்கு யார் கொடுப்பது? 1935இல் எழுந்த கேள்வி, யார் சாகிறார்கள், ஏன் என்பது. அதை விட்டுவிட்டு யார் கொண்டுவந்தது என்று மட்டும் கேட்டால், மறுபடியும் ஒரு 17ஐ நம்பித் தூங்கப் போகிறோம் என்றே அர்த்தம்.