துப்பாக்கிப் பட்டறையிலிருந்து திருவொற்றியூருக்கு: பழைய புல்லட்டும் மாற்றியமைப்பின் வரலாறும்

பழைய புல்லட் ஒன்றை வாங்கி, டேங்கை மாற்றி, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, சீட்டைக் குறுக்கி, தனக்கென்று ஒரு வண்டியாக ஆக்கிக்கொள்வதை இளவட்டங்களின் ஆசை என்று ஒதுக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. வட சென்னையின் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வழியாக அத்திப்பட்டு வரை நீளும் தொழிற்பகுதியில் அந்த வேலைக்கு நீண்ட பின்புலம் உண்டு. இந்த வண்டி எவர் கையிலும் பிரிந்து, எவர் கையிலும் சேரக்கூடியதாக ஏன் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனால், கடைசியில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் போய் நிற்போம். அந்தத் தொடர்ச்சியைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லண்டனுக்கு வடக்கே, லீ ஆற்றங்கரையில் இருந்த என்ஃபீல்டு அரசு துப்பாக்கித் தொழிற்சாலை நெப்போலியப் போர்க்காலத்தின் முடிவில் உருவானது. அக்காலத்துத் துப்பாக்கியில் ஒரு விசை உடைந்தால் இன்னொரு துப்பாக்கியின் விசையை அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. கைவினைஞர் அரத்தால் ராவி ராவித்தான் பொருத்துவார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் நிறுவனம் ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் மாட்டக்கூடிய ரைஃபிள்களைக் கொண்டுவந்து வைத்தது. பிரிட்டிஷ் அரசு நிபுணர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கிருந்து வாங்கிய இயந்திரங்களை என்ஃபீல்டில் நிறுவி, 1850-களின் பிற்பகுதியில் 1853 மாதிரி ரைஃபிளை அந்த முறையில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1857-ல் தோட்டா உறையின் கொழுப்பால் சிப்பாய்களைக் கொந்தளிக்க வைத்ததும் இதே 1853 மாதிரிதான். என்ஃபீல்டு என்ற பெயர் வண்டிக்கு முன்பே நம் வரலாற்றுக்குள் வந்துவிட்டது.

இந்தத் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் 1890-களின் தொடக்கத்தில் ரெட்டிச் நகரத்து மிதிவண்டி நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்தது. ஆல்பர்ட் ஈடியும் பாப் வாக்கர் ஸ்மித்தும் நடத்திய அந்த நிறுவனம் ஒப்பந்தத்தின் பெருமையில் 'என்ஃபீல்டு' என்ற பெயரைச் சூடிக்கொண்டது. தன் மிதிவண்டிக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயரிட்டது. துப்பாக்கி போலச் செய்தது என்பதை விளம்பர வாசகமாகவும், பீரங்கியைச் சின்னமாகவும் வைத்துக்கொண்டது. 1901-ல் மோட்டார் சைக்கிளும், 1932-ல் புல்லட் என்ற பெயரும் வந்தன.

அதே காலத்தில் துப்பாக்கி உலகிலும் மாற்றியமைக்கும் பழக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. ஜான் பிரௌனிங் 1900-ல் காப்புரிமை பெற்ற, பின்னாளில் ஆட்டோ-5 என்று பெயர் பெற்ற அரைத்தானியங்கி ஷாட்கன் இதற்குச் சிறந்த சான்று. அதைத் தயாரிப்பது பற்றி வின்செஸ்டர் நிறுவனத்தோடு நடந்த பேச்சு முறிந்தது. அடுத்து அணுகிய ரெமிங்டன் நிறுவனத்தின் தலைவர் 1902-ல் திடீரென்று இறந்துபோனார். பிரௌனிங் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்திடம் போனார். சுடும்போது குழலும் பூட்டும் சேர்ந்தே பின்னால் வரும் அமைப்பு அது. அந்த உதைப்பைத் தாங்கும் உராய்வு வளையத்தை, தோட்டாவின் வீரியத்துக்கு ஏற்ப இடம் மாற்றிப் போட வேண்டும். அதாவது உரிமையாளர் தானே பிரித்து மாற்ற வேண்டும் என்பதே வடிவமைப்பின் ஒரு பகுதி. பிறகு அமெரிக்காவில் குழல் முனையில் பொருத்தும் கட்ஸ் காம்பென்சேட்டர், பாலி-சோக் போன்ற துணைக்கருவிகளுக்குத் தனிச் சந்தையே உருவானது. அந்தப் பழைய துப்பாக்கிகளைத் தேடிப் பிடித்து இன்றும் புதுப்பிக்கிறார்கள்.

இந்தியாவில் அந்த வழி அடைபட்டே இருந்தது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஆயுதத்தைச் செய்ய மட்டுமல்லாமல் பழுதுபார்க்கவும் மாற்றவும் உரிமம் கேட்கிறது. 6-ஆம் பிரிவு குழலின் நீளத்தைக் குறைப்பதைத் தனியே கட்டுப்படுத்துகிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைத் துப்பாக்கிக்கு இருந்த தேவையும் சுருங்கியது. இரண்டும் தேவையான சட்டங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் துல்லியமான இரும்பு உறுப்பைப் பிரித்து, அளந்து, மாற்றிச் சேர்க்கும் கைத்திறன் பொது மக்களிடையே வளர வேறொரு பொருள் தேவைப்பட்டது. வட சென்னையில் அந்த இடத்தைப் புல்லட் பிடித்தது என்பது என் கணிப்பு.

கே. ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் முதலில் புல்லட்டை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. ராணுவமும் அதை வாங்கியது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் உறுப்புகளாகக் கப்பலில் வந்தவை இங்கே கோக்கப்பட்டன. பிறகு வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் வந்து சேர, 1960-களின் தொடக்கத்தில் வண்டி முழுக்க இங்கேயே தயாரானது. 1970-ல் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்டது. திருவொற்றியூரோ 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப்., கார்போரண்டம் யுனிவர்சல் எல்லாம் இதே பகுதியில் இருந்ததால், லேத் ஓட்டத் தெரிந்தவருக்கும் வெல்டிங் தெரிந்தவருக்கும் இங்கே பஞ்சமே இல்லை.

அந்த வண்டியின் உடலைச் சற்று கிட்ட நின்று பார்க்க வேண்டும். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. வார்ப்பிரும்புச் சிலிண்டர். எஞ்சின் ஒரு பெட்டி, கியர்பாக்ஸ் வேறொரு பெட்டி. இரண்டையும் இணைப்பது இடப்பக்க மூடிக்குள் ஓடும் பிரைமரி செயின். எஞ்சினின் உள்ளே கை வைக்காமலே கியர்பாக்ஸைத் தனியே கழற்றி மேசைமேல் வைத்துவிடலாம். வலக்காலில் கியர், அதனருகே நியூட்ரலுக்கென்று தனி லிவர். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, பிஸ்டனை மேலே தாண்டவிட்டு, பிறகு ஒரே உதை. சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் செய்து 20 தௌ, 40 தௌ பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாடு மெட்ரிக்குக்கு மாறிய பிறகும் புல்லட்டில் அங்குல மரைகள் வெகுகாலம் நீடித்தன. அதனால் இன்றும் பழைய மெக்கானிக்கின் பெட்டியில் விட்வொர்த் ஸ்பேனர் கிடக்கும்.

இந்த அடிப்படை அமைப்பு அரை நூற்றாண்டு காலம் பெரிதாக மாறவில்லை. அதைத் தேக்கம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. மாற்றியமைப்பவருக்கோ அதுவே புதையல். அமல் கார்புரேட்டர் போய் மிக்கார்ப் வந்தது. 6 வோல்ட் 12 வோல்ட் ஆனது. பின்னால் வந்த உறுப்பைப் பெரும்பாலும் சிறு திருத்தத்தோடு முன்னால் வந்த வண்டியில் மாட்ட முடிந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரி, புதுப்பேட்டையில் கழற்றிய உதிரி என்று இரண்டு சந்தைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

வடிவம் மாறியதற்குக் காரணம் பல நேரம் பிழைப்புதான். பெட்ரோல் விலை ஏறியபோது சிறு டீசல் எஞ்சினைப் புல்லட் சட்டகத்தில் ஏற்றும் பழக்கம் நாட்டின் பல பட்டறைகளில் தோன்றியது. நிறுவனமும் 1993-ல் 325 சி.சி. டீசல் வண்டியைத் தானே வெளியிட்டது. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் பழைய இருசக்கர வண்டி எஞ்சினைப் பொருத்தி, மீன்பாடி எனும் மூன்று சக்கரச் சுமைவண்டியை ஓட்டினார்கள். அத்திப்பட்டுப் பக்கம் உப்புக் காற்றும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து மட்கார்டை அரித்துவிடும். வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த வண்டியில் மூல வடிவம் எப்படி அப்படியே நிற்கும்? அழகுக்காக மாற்றும் ஆசை இந்தப் பழக்கத்தின் மேல்தான் பிறகு வந்து அமர்ந்தது.

1994-ல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2008-ல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புதிய எஞ்சின் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வார்ப்பிரும்பு எஞ்சின் ஓய்ந்தது. 2013-ல் ஒரகடம் ஆலை திறந்தது. புதிய எஞ்சின் எண்ணெய் ஒழுகாது, நம்பி ஏறலாம். ஆனால் தனித்தனியே கழற்றும் அந்தப் பழைய உடல் முடிவுக்கு வந்தது. வார்ப்பிரும்பு வண்டிகளின் விலை ஏறத் தொடங்கியதில் வியப்பில்லை.

சட்டமும் இறுகியது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பிரேக்கும் வண்டிச் சட்டகமும் தொடர்பான மாற்றங்களில் இந்தக் கண்டிப்பு உயிரைக் காப்பது. 2021-ல் வந்த பழம்பெரும் வாகன விதிகள், 50 ஆண்டு தாண்டி, சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்கும் வண்டிக்குத் தனிப் பதிவு தருகின்றன. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்ட முடியாது.

1960-களின் திருவொற்றியூர் புல்லட் ஒன்று இன்றும் அத்திப்பட்டில் வேலைக்குப் போய்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் மின்சாரம், மிக்கார்ப், இருமுறை ரீபோர் செய்த சிலிண்டர், ஒட்டுப்போட்ட மட்கார்டு. தினமும் ஓடுவதால் அதற்குப் பழம்பெரும் வாகனப் பதிவு பொருந்தாது. பட்டறை செய்த மாற்றங்கள் எந்த ஆண்டில், எந்த உறுப்பில், ஏன் நடந்தன என்பதையும் அதன் பதிவுச் சான்று சொல்லாது. அந்த விவரம் அந்த வண்டியைத் தொட்ட மெக்கானிக்குகளிடம் மட்டுமே இருக்கிறது. அவர்களில் பலர் முதுமை எய்திவிட்டார்கள். தொழில் வரலாறு எழுதுவோர் நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளுக்கு முன்பே போக வேண்டிய இடம் அந்தப் பட்டறைகள்.