குணபரன் எதைக் கைவிட்டான்? திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டின் மறுவாசிப்பு

பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் சமணம் நீங்கிச் சைவம் புகுந்தான், நாவுக்கரசருக்கு இழைத்த கொடுமையும் அதோடு ஓய்ந்தது என்பது பாடநூல் வரலாறு. இதற்குக் கல்லில் காட்டப்படும் சான்று ஒன்றே: திருச்சிராப்பள்ளி மலையின் மேற்குடைவரையில் உள்ள தூண் கல்வெட்டு. குணபரன் (மகேந்திரனின் விருதுப்பெயர்) என்னும் அரசன் இலிங்கியாக, அதாவது இலிங்கத்தை வழிபடுவோனாக, இருக்க, விபக்ஷ விருத்தியிலிருந்து திரும்பிய ஞானம் இந்த இலிங்கத்தால் உலகில் நெடிது பரவுக என்பது அதிலுள்ள செய்யுள் ஒன்றின் கருத்து. 1890இல் இதைப் பதிப்பித்த ஹுல்ஷ், விபக்ஷ விருத்தியைப் பகை ஒழுக்கம் எனப் பெயர்த்தார். பின்வந்தோர் அந்தப் பகையைச் சமணம் என்றே கொண்டனர்.

செய்யுள் தர்க்க நூலின் கலைச்சொற்களால் சிலேடையாக அமைந்தது என்பதை ஹுல்ஷே அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறார். சொன்னவர் அதைத் தொடரவில்லை. என் கருத்து வேறுபாடு முழுவதும் இங்கேதான். தர்க்கத்தில் இலிங்கம் என்பது ஏது. மலையில் தீ உண்டெனக் காட்டும் புகை. விபக்ஷம் என்பது தீ இருக்கவே முடியாத மடு. அங்கும் புகை தோன்றுமானால் அனுமானம் விழுந்துவிடும். ஏது விபக்ஷத்தில் நிகழக்கூடாது என்பது திங்நாகர் வகுத்த மூன்றாம் விதி. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் விளக்குவதும் இந்த அளவை நெறியையே. பல்லவ அவையில் இச்சிலேடை எவர் செவிக்கும் தப்பியிராது. இலக்கணமும் இதற்கே துணை: ‘பராவிருத்தம்’ என்னும் அடை ஞானத்தைத் தழுவுகிறது, அரசனோ ஏழாம் வேற்றுமையில் தனித்து நிற்கிறான். திரும்பியது ஞானம். தன் சமயம் எதிர்வாதத்தின் சோதனையில் தேறியது என்று பேசும் அரசனையே இங்கே காண்கிறேன். சமணமும் ஒறுப்பும் கல்லில் இல்லை.

இரண்டாம் பொருளாக மனமாற்றத்தையும் சிலேடை சுமக்கலாம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் தம்மைக் கல்லில் பூட்டி நீரில் தள்ளியதைப் பதிகத்தில் நினைவுகூரும் அப்பர் (நாவுக்கரசர்) அரசன் பெயரைச் சொல்லவில்லை. பெயருக்குப் பெரியபுராணத்தில் சேக்கிழார் கூறும் அதிகைக் குணபரவீச்சரம் என்னும் கோயில் ஒன்றே பாலம். அவரோ 12ஆம் நூற்றாண்டினர். அவரை ஏற்போர் முழுமையாக ஏற்க வேண்டும். அந்த அரசன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றைக் கொண்டே குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறார். வன்முறை அங்கே நிற்கவில்லை, தரப்பு மாறியது. மதம் மாறியதையும் கொடுமையைக் கைவிட்டதையும் ஒன்றாக்கிய வரலாற்றாசிரியர்கள் இந்த இடிபாட்டைக் கடந்துபோனது எனக்குப் பொறுக்கவில்லை.

கொண்ட நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்திய தடத்தை வேறிடத்தில் தேட வேண்டும். மகேந்திரன் எடுத்த மண்டகப்பட்டுக் குடைவரை பிரமன், ஈசுவரன், திருமால் மூவருக்கும் உரியது. மகேந்திரவாடி திருமாலுக்கு. அவன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனத்தில் பௌத்தத் துறவியோடு காபாலிகனும் பாசுபதனும் நகைப்புக்கு ஆளாகிறார்கள். சிவனை வணங்கிய அரசன் சைவப் பிரிவினரையே மேடையேற்றி நகையாடியதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். (சித்தன்னவாசல் சமணக் குடைவரையை மகேந்திரனின் சமணக் காலத்துக்குச் சான்றாக இனியும் காட்டுவது பொருந்தாது, அங்குள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு இளங்கௌதமன் செய்த 9ஆம் நூற்றாண்டுத் திருப்பணியைச் சொல்கிறது.)

கால வரிசை தீரவில்லை. திருச்சிச் செய்யுளில் ஆட்சியாண்டு இல்லை. மத்தவிலாசத்தைக் குறிக்கும் மாமண்டூர்க் கல்வெட்டோ சிதைந்தது. நாடகம் முந்தியதானால், ஐயத்தில் தொடங்கி உறுதியில் முடிந்த அரசன் கிடைக்கிறான். பிந்தியதானால், உறுதி பெற்ற பிறகும் தன் தரப்பைச் சோதித்தவன். பின்னதன் பக்கமே என் சாய்வு. கல்லில் ஆண்டு பொறித்த சான்று வரும்வரை அது சாய்வாகவே நிற்கும்.