வரவும் செலவும்: கெடாத் தோட்டங்களில் கடன் வளர்ந்த வரலாறு

மலேசியத் தமிழர் குடும்பங்களின் கடனைப் பற்றிப் பேசும்போதெல்லாம், மேடையிலும் ஏட்டிலும் ஒரே தீர்ப்பே வழங்கப்பட்டு வருகிறது. வரவறிந்து செலவு செய்யத் தெரியாதவர்கள், நாளையை எண்ணாதவர்கள் என்பதே அத்தீர்ப்பு. அதற்குத் துணையாக வள்ளுவரும் அழைக்கப்படுகிறார். வருவாய் வரும் வழி சிறிதாயினும், செலவு போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது வலியறிதல் அதிகாரம் கூறும் உண்மை. அவ்வுண்மையை மறுப்பார் இல்லை. ஆயினும், போகும் வழியின் அகலத்தை வகுத்தவர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. கெடா மாநிலத்துத் தோட்டங்களின் வரலாறும் சிறுநகரங்களின் வரலாறும் அவ்வினாவிற்கு விடை தருகின்றன.

சோழர் கல்வெட்டுகளில் கடாரம் என வழங்கப்பட்ட இம்மண்ணுக்கு 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் படை வந்தது. ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து வந்த தமிழர்களோ வென்றெடுக்க வந்தவர்கள் அல்லர், கூலிக்கு வந்தவர்கள். 1909ஆம் ஆண்டின் ஆங்கில–சயாம் உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷாரின் செல்வாக்கிற்குள் வந்தது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லுனாஸ், பாடாங் செராய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஆள்கட்டும் பணி கங்காணியிடம் விடப்பட்டது. தான் சேர்த்துக் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு வரும் நாள்களைக் கணக்கிட்டுக் கங்காணிக்குத் தலைக்காசு வழங்கப்பட்டது. ஊரில் பட்ட கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் முன்பணம் பெற்றுக் கப்பலேறியவர்கள் பலர். அவர்களைப் பொறுத்தவரை, முதல் மாதச் சம்பளத்தைக் கையால் தொடுவதற்கு முன்பே கடன் பிறந்துவிட்டது. செலவு செய்ததனால் கடன் வந்தது என்னும் முறை இங்குத் தொடக்கத்திலேயே தலைகீழாகிப் போயிற்று.

தோட்டத்துச் சம்பளம் மாதம் ஒருமுறை வழங்கப்பட்டது. வயிறோ நாள்தோறும் கேட்டது. இடைப்பட்ட நாள்களை நிரப்பியது கடைக்காரரின் கடன் புத்தகம். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், சுருட்டு என்று வாங்கிய பொருள்கள் அதில் ஏறின. எழுதப் படிக்கத் தெரியாதவரின் கணக்கை எழுதத் தெரிந்தவர் வைத்திருந்தார். சம்பள நாளில் கடைக்காரருக்குப் போனது போக எஞ்சியதே குடும்பத்துக்குக் கிட்டியது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. ஆகவே அடைமழை மாதங்களில் வரவு சுருங்கியது. கடன் புத்தகத்தின் பக்கங்கள் மட்டும் பெருகின.

உலகச் சந்தையின் ஏற்ற இறக்கமும் லயத்து அடுப்பைத் தாக்கியது. 1932இல் ரப்பர் விலை ஒரு ராத்தலுக்கு 10 காசுக்கும் கீழே வீழ்ந்தது. கூலி குறைக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பின்னர், 1941 இறுதியில் தொடங்கிய ஜப்பானியர் படையெடுப்பு வேறொரு பாடத்தைக் கற்பித்தது. 1945இல் ஆட்சி மாறியபோது ஜப்பானியர் வெளியிட்ட நோட்டுகள் செல்லாக்காசாயின. பணமாகச் சேர்த்து வைத்தவர் கையில் வெறுங்காகிதமே எஞ்சியது. குன்றிமணித் தங்கமேனும் வைத்திருந்தவருக்கு அது கைகொடுத்தது. நகைமேல் தமிழ்ப் பெண்கள் கொண்ட நாட்டத்தை ஆடம்பரம் என ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவோர் இப்பாடத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும். வங்கி எட்டாத லயத்தில் நகையே சேமிப்பு. அடகுக்கடையே அச்சேமிப்பை அவசரத்துக்கு மாற்றித் தரும் இடம்.

போருக்குப் பின் அரிசித் தட்டுப்பாடும் கள்ளச் சந்தை விலையும் மக்களை வாட்டின. கூலி விலைவாசியை எட்டவில்லை. அந்நிலையிலும் தோட்டந்தோறும் கள்ளுக்கடை சட்டத்தின் ஒப்புதலுடன் நடந்தது. ஒரு கையால் கொடுத்த கூலி மறு கையால் திரும்பப் பெறப்பட்ட நிலை அது. இதனை எதிர்த்து எழுந்ததே தொண்டர் படை. பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் உருவான அப்படை, கெடாவின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குடித்தவர்களைத் திருத்த முனைந்தனர். 1947இன் தொடக்கத்தில் அது காவல்துறையுடன் மோதலாக முற்றியது. உயிரிழப்பும் சிறைத் தண்டனைகளும் நேர்ந்தன. கூலியின் சிறு பகுதியையாவது வீட்டுக்குக் கொண்டுசெல்ல நடந்த அப்போராட்டத்தை, சிக்கனத்துக்காகத் தமிழர் தாமே நடத்திய போராட்டம் எனல் தகும். செலவைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்கள் என்னும் பழிக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

கொரியப் போரை ஒட்டி, 1951இல் ரப்பர் விலை ராத்தல் இரண்டு வெள்ளியைத் தாண்டியது. தோட்டங்களில் கைக்காசு புழங்கியது. மிதிவண்டியும் வானொலியும் லயத்துக்குள் நுழைந்தன. ஆனால் விலை ஏறியபோது பழகிய செலவு, விலை இறங்கியபோது தானே இறங்கவில்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்து கூலிக்காக வாதாடியது. அதே காலத்தில் வெள்ளையர் நிறுவனங்கள் சில தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கின. வேலையுடன் வீட்டையும் ஒருசேர இழக்கும் அச்சம் பிறந்தது. அதற்கு விடையாக, 1960இல் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு அது தோட்டங்களை வாங்கிற்று. அது முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். மிச்சம் பிடிக்கத் தெரியாதவர்கள் எனப்பட்டோரின் மிச்சப் பணமே அத்தோட்டத்தை வாங்கியது.

சேமிப்பிற்கு மக்கள் கண்ட மற்றொரு வழி கூட்டு. பலர் சேர்ந்து மாதந்தோறும் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் எடுக்கும் ஏற்பாடு அது. அத்தமிழ்ச் சொல் நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. 1971இல் இயற்றப்பட்ட தடைச் சட்டத்தின் பெயரிலேயே கூட்டு என்னும் சொல் உள்ளது. கூட்டுப் பிடித்தவர் தலைமறைவானால், போட்டவர்களின் பணம் போனதுதான். எனினும் தடைக்குப் பின்னும் கூட்டு ஒழிந்துவிடவில்லை. ஏனெனில், அதனை வேண்டச் செய்த தேவை ஒழியவில்லை.

1974இல் நாட்டின் விலைவாசி ஒரே ஆண்டில் 17 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. அவ்வாண்டிலேயே ரப்பர் விலையும் சரிந்தது. நவம்பர் மாதத்தில் கெடாவின் பாலிங் நகரில் ஆயிரக்கணக்கான சிறுதோட்டக்காரர்கள் திரண்டு முறையிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். வரவு சுருங்கும் காலத்தில் செலவு பெருகும் துன்பம் ஓர் இனத்துக்கு மட்டும் உரியதன்று என்பதனை பாலிங் காட்டிற்று.

அதற்குப் பின் வந்த மாற்றமே இன்றைய நடுத்தரக் குடும்பத்தை உருவாக்கியது. ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பிள்ளைகள் சுங்கை பட்டாணியிலும் பிறையிலும் இருந்த தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறினர். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. கையிற் பெறும் சம்பளம் தந்தையின் சம்பளத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. ஆனால் தோட்டம் தந்த சில நன்மைகள் சம்பளச் சீட்டில் எழுதப்படாதவை. லயத்துக்கு வாடகை இல்லை. வீட்டுக்குப் பின்னால் கீரையும் மரவள்ளியும் விளைந்தன. பசு பால் தந்தது. கோழி முட்டை தந்தது. விறகு காட்டிலிருந்து வந்தது. பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுத் தாய் வேலைக்குச் சென்றாள். நகரத்தில் இவை ஒவ்வொன்றும் விலையுள்ள பொருளாயின: வீட்டுத் தவணை, தண்ணீர், மின்சாரம், மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளை பராமரிப்புக் கூலி. கையில் புழங்கும் பணம் கூடியது. பணமின்றிக் கிடைத்தவை அனைத்தும் மறைந்தன. வருவாய் உயர்ந்தும் குடும்பம் தட்டுப்பாட்டில் உழன்றதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இவ்வாறு கூறுவதனால் குடும்பங்கள் குற்றமற்றவை என முடித்துவிடலாகாது. லயத்தில் அனைவரும் ஒரே வரிசையில் வாழ்ந்தனர். அண்டை வீட்டார் சம்பளம் எவ்வளவு என்பது அனைவருக்கும் தெரியும். நகரத்திலோ ஒருவர் நிலையை மற்றவர் அவர் வீட்டுப் பொருள்களைக் கொண்டே அளந்தனர். தோட்டத்திலிருந்து வந்தவர் என்னும் ஏளனத்தைத் துடைக்கச் சோபாவும் பெரிய தொலைக்காட்சியும் தேவைப்பட்டன. கோயிலில் எளிமையாக நடந்த திருமணம் மண்டபத்துக்கு மாறியது. மஞ்சள் நீராட்டு விழாவும் அதனைப் பின்தொடர்ந்தது. ஒரு நாள் விருந்துக்கு வாங்கிய கடனை அடைக்கப் பல ஆண்டுகள் சென்றன. 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையில் தமிழிலும் இதழ் நடத்தி, மதுவின் கேட்டையும் வீண் செலவின் கேட்டையும் இடைவிடாது எடுத்துரைத்தது. அக்குரலைக் கேட்டவரும் உண்டு, கேளாதவரும் உண்டு.

கடன் புத்தகம் கடன் அட்டையாக உருமாறியுள்ளது. கடன் கொடுப்பவரின் முகம் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தீபகற்பத்தில் 2013இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆயினும் நாட்டின் குடும்பக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 80 விழுக்காட்டைக் கடந்தே நிற்கிறது. கடனில் மூழ்கியோருக்கு வழிகாட்ட 2006 முதல் அரசுசார் ஆலோசனை நிறுவனமொன்று இயங்குகிறது. அதன் வாயிலை மிதிக்க வெட்கப்பட்டு வட்டி முதலைகளை நாடுவோரும் உளர். இவ்வெட்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. கடன்பட்டவன் ஒழுக்கங் கெட்டவன் எனத் தலைமுறை தலைமுறையாகக் கூறப்பட்டதன் விளைவு அது.

இச்சுமையை இறுதியில் தாங்குபவர் பிள்ளைகள். தவணை தவறிய வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் அவர்களின் படிப்பே. வகுப்பில் வலியறிதல் கற்பிக்கும் ஆசிரியர், அதனோடு ஹார்வர்ட் தோட்டத்து மறியலையும் புக்கிட் சிடிம் வாங்கப்பட்ட கதையையும் கற்பித்தல் நன்று. தம் முன்னோர் கடனில் பிறந்தும் கடனை எதிர்த்து நின்றனர் என்பதை அறியும் மாணவன், வீட்டுக் கணக்கை வெட்கமின்றித் தந்தையோடு அமர்ந்து எழுதத் துணிவான். செலவு போகும் வழியில் பிறர் வெட்டியது எவ்வளவு, தம் வீட்டார் வெட்டியது எவ்வளவு என்று பிரித்தறிந்தால்தான் அதனைச் சுருக்க வழி பிறக்கும்.